ஒன்பது மணி நிலவரம்

ஓட்டு எண்ணுததுக்கு முந்தியே எவன் ஜெயிப்பான்னு சொல்லணும், சொன்னது தப்பாப் போச்சுன்னா எந்தச் சந்துல ஓடலாம்னும் தெரிஞ்சிருக்கணும். இதுதாம்யா எங்க தொழிலு.

நான் இன்ஜினியரிங் படிச்சவன். சரியாச் சொல்லணும்னா, இன்ஜினியரிங் காலேஜ் பஸ்ல ரெண்டு வருசம் போயிட்டு வந்தவன். அதுக்கப்புறம் சிப்ஸ் கடை, கொரியர், கல்யாண வீட்டு ட்ரோன் கேமரான்னு ஒவ்வொண்ணாப் பாத்தேன். ட்ரோன் போயி மாப்பிள்ளையோட தாய்மாமன் தலைல எறங்குன அன்னைக்கு அந்தச் சோலியும் முடிஞ்சுது. கடைசில தென்காசில ஒரு செல்போன் கடை மாடில, யூடியூப் சேனல் ஒண்ணுல சேந்தேன். ஓனரும் எடிட்டரும் ஒரே ஆளுதான். கரண்டு போனா இன்வெர்ட்டரத் தட்டுததும் அவருதான். அங்கன என் வேலை, தேர்தல் அன்னைக்குப் பூத் வாசல்ல நின்னு நிலவரம் சொல்லுதது.

நீங்களும் இந்த நிலவரத்தால நொந்து போன ஆளுதான்னு எனக்குத் தெரியும். உங்க வீட்லயும் ஒரு சித்தப்பா இருப்பாரு. காலைல ஒன்பது மணிக்கு டிவில இத்தன சதவீதம்னு போட்ட ஒடனே, கால் மேல கால் போட்டுக்கிட்டு "முடிஞ்சுது சோலி"ம்பாரு. யாரு சோலின்னு கேட்டா சொல்ல மாட்டாரு. காலைலயே கூட்டம் வந்தா மக்கள் கோவமா இருக்காங்களாம். கூட்டம் வரலைன்னா ரொம்பக் கோவமா இருக்காங்களாம். ரெண்டுக்கும் நடுவுல வந்தா, கோவத்த மறைச்சு வச்சிருக்காங்களாம். அந்தச் சித்தப்பா ஒரு ஆளு. எனக்கு ஊரு பூராவும் சித்தப்பா. நான் பட்ட பாட்டக் கேளுங்க.

நடுநிலை

எங்க குத்தாலத்துல வார்டு கவுன்சிலர் தேர்தல் வந்துச்சு. எங்க வார்டுல போட்டி ரெண்டே பேருக்குத்தான். ஒருத்தரு ஏற்கெனவே கவுன்சிலரா இருக்க வேலாயுதம் அண்ணாச்சி, லாட்ஜ் ஓனரு. சின்னம் கட்டில். இன்னொருத்தி எங்க அக்கா முப்பிடாதி. சின்னம் வாளி. அக்கா ஐந்தருவி போற ரோட்டோரம் துண்டு, டவுசரு, சோப்பு, ஷாம்பு விக்கிற கடை வச்சிருக்கா. அந்த வரிசைல எல்லாம் அந்த மாதிரிக் கடைதான். நடுநடுவுல எண்ணெய் தேச்சு விடுதவங்க பெஞ்சு போட்டிருப்பாங்க. எங்க அத்தான் மாடசாமி எண்ணெய் தேய்க்கது அக்கா கடை வாசல்லதான். அந்த மொத்த வரிசையையும் தூக்கிட்டு கார் பார்க்கிங் போடணும்னு அண்ணாச்சி துடியாத் துடிச்சாரு. திருப்பி ஜெயிச்சா மொத வேலையே அதுதான்னு மைக் போட்டே சொன்னாரு. அதனாலதான் அக்கா நின்னா. அவ தோத்தா எங்க வீட்ல ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல பொழப்பு போயிரும். எனக்குப் பொழப்புன்னு ஒண்ணு இருந்தாத்தானே போகதுக்கு.

"அண்ணே, நிக்கது எங்க அக்காண்ணே. வேற வார்டு குடுங்க"ன்னு எடிட்டர்கிட்ட கெஞ்சுனேன். "அதனாலதாம்லே ஒன்ன அனுப்புதேன். அங்கன எந்த வீட்டு நாய் கடிக்கும்னுகூட ஒனக்குத் தெரியும். ஆனா மூஞ்சில சிரிப்பு வரக் கூடாது. நாம நடுநிலை"ன்னுட்டாரு. வீட்ல வந்து, அக்கா, நாளைக்கு நான் ஒனக்கு ஓட்டுக் கேக்க முடியாது, நான் நடுநிலைன்னு சொன்னேன். அவ மீன் கழுவிக்கிட்டு இருந்தா. தலையத் தூக்காமச் சொன்னா: "இருந்துக்கோலே. ராத்திரி சோத்துக்கும் அப்படியே நடுவுலயே நின்னுக்கோ, அடுப்பாங்கரைப் பக்கம் வந்துராத."

வரிசை

காலைல ஏழு மணிக்குப் போனேன். நல்ல சாரல். எங்க பூத்து, அருவிக்குப் போற வழில இருக்க பள்ளிக்கூடம். கேட்டுல இருந்து ரோடு வரைக்கும் ஆம்பளைங்க வரிசை நிக்கி. எங்க வார்டுல கறிச்சோறு போட்டாக்கூட இவ்வளவு வெரசா ஒருத்தனும் எந்திரிச்சு வர மாட்டான். போனத் தூக்குனேன். "காலை முதலே அலைமோதும் கூட்டம்"னு மூச்சு வாங்கப் பேசி வீடியோ எடுத்து அனுப்பிட்டேன். அதிகாரிங்க கணக்குச் சொல்ல லேட்டாவும், எடிட்டருக்குப் பொறுமை கிடையாது. அதனால வரிசைய ஒரு பார்வை பாத்துட்டு, குத்துமதிப்பா ஒரு நம்பர அடிச்சு விடுததுதான் எங்க வழக்கம். நீங்க நகத்தக் கடிச்சுக்கிட்டுப் பாக்க நிலவரம் பாதி இப்படித்தான் பொறக்குது.

டீயக் குடிச்சிட்டு வந்து கிட்டத்துல போயிப் பாத்தேன். முன்னால நிக்கவன் தோள்ல மஞ்சக் கரைத் துண்டு. சரி, குத்தாலம்னா துண்டுதான். அவனுக்குப் பின்னால நிக்கவன் கைல சோப்பு டப்பா. அவனுக்கும் பின்னால ஒருத்தரு, வெறும் டவுசரோட, உச்சந்தலைல இருந்து உள்ளங்கால் வரைக்கும் எண்ணெய் வழிய நிக்காரு. இந்தக் கோலத்துல வந்து ஓட்டுப் போடணும்னா ஜனநாயகத்து மேல எவ்வளவு பாசம் இருக்கணும்! "எந்தத் தெரு அண்ணாச்சி?"ன்னேன். "விருதுநகர் தம்பி"ன்னாரு.

அப்பத்தான் எனக்கு மண்டைல ஒறைச்சுது. சீசன் நேரம். அருவில போலீசு கயிறு கட்டி, ஆம்பளைக்கு ஒரு வரிசை, பொம்பளைக்கு ஒரு வரிசைன்னு விடுவாங்க. இங்கயும் போலீசு, இங்கயும் கயிறு, இங்கயும் ரெண்டு வரிசை, போதாக்கொறைக்கு மேல இருந்து சாரல். வேன்ல வந்து எறங்குனவன் கண்ணுல பட்ட மொத வரிசைல நின்னுட்டான். அவனப் பாத்து அடுத்த வேன்காரன் நின்னுட்டான். காவலுக்கு நின்ன ஏட்டையாவாவது சொல்லிருக்கலாம். அவரு திருவேங்கடம்னு தண்ணியில்லாத ஊர்ல இருந்து டூட்டிக்கு வந்தவரு. "எங்க ஊர்ப் பக்கம் தண்ணிக்கு நிக்கவன் கொடத்தோட நிப்பான் தம்பி. துண்டோட நிப்பான்னு நான் என்னத்தக் கண்டேன்?"ங்காரு. நான் திரும்பி அந்த விருதுநகர்க்காரர்ட்ட, இது ஓட்டுப் போடுத எடம் அண்ணாச்சின்னு சொன்னேன். மனுசன் வரிசைல பாதித் தூரம் வந்துட்டாரு, விட்டுட்டுப் போக மனசு வரல. கொஞ்சம் யோசிச்சிட்டு என்ட்ட கேட்டாரு: "ஓட்டுப் போட்டாத்தான் குளிக்க விடுவாங்களா தம்பி?"

அலை

ஒடனே எடிட்டருக்குப் போனப் போட்டேன். "அண்ணே, அந்த வீடியோவத் தூக்கிருங்க. அது பூராவும் டூரிஸ்ட்டு. உள்ள போறவங்கள்ல பாதிப் பேர வாசல்லயே திருப்பி விடுதாங்க."

"ஏலே, எத்தன பேரு பாத்துட்டான்னு தெரியுமா? நம்ம சேனல்ல ஒரு வாரத்துக்குப் பாக்க ஆளு ஒரு மணி நேரத்துல பாத்திருக்காம்லே. 'குற்றாலத்தில் வீசும் அலை'ன்னு தலைப்புப் போட்டாச்சு."

"யாருக்கு அலைண்ணே?"

"யாருக்குன்னு சொன்னாத்தான் கேஸு. வெறும் அலைக்கு எவன் கேஸு போடுவான்? அத சாயந்தரம் பாத்துக்கிடலாம்."

"அண்ணே, அது பொய்யிண்ணே." அந்தப் பக்கம் உஸ்ஸுன்னு ஒரு பெருமூச்சு கேட்டுச்சு. மனுசன் மனசு மாறிட்டாரு போலன்னு நெனச்சேன். வாய்ல இருந்த சூடு பஜ்ஜிய முழுங்கிட்டுச் சொன்னாரு: "விட்ட அலையத் திருப்பி எடுக்க முடியாதுலே."

கட்டில்

பூத்துக்குத் தள்ளி, அண்ணாச்சி ஆளுங்க மேசை போட்டு சிலிப்பு எழுதிக் குடுத்துக்கிட்டு இருந்தாங்க. நடுவுல அண்ணாச்சி, வெள்ளை வேட்டில, என் வீடியோவ எல்லாருக்கும் காட்டிக்கிட்டு இருக்காரு. லாட்ஜுல வேல பாக்க ரூம் பையன், சலவைக்காரரு, சமையல்காரரு எல்லாருக்கும் எங்க வார்டுலதான் ஓட்டு. அவங்களக் கொஞ்சம் கொஞ்சமா அனுப்பச் சொல்லிருந்தாரு. மொதல்ல வந்தது என்னவோ ரூம் பையங்க நாலஞ்சு பேருதான். ஆனா வீடியோல கூட்டத்தப் பாத்ததும் அண்ணாச்சிக்கு எல்லாத் தலையும் தன் ஆளாத் தெரியுது. அந்த நேரம் மேனேஜர் போன் பண்ணுதாரு, சமையக்கட்டு ஆளுங்கள இப்ப அனுப்பவான்னு. "ரூம் பூராவும் ஆளு நெறஞ்சு கெடக்கு, நீ மத்தியானச் சாப்பாட்டப் பாருவே. இங்கன காலைலயே முடிஞ்சிட்டு. அவனுவ சாயந்தரமாப் பைய வரட்டும்"ங்காரு அண்ணாச்சி.

நான்தான் நடுநிலையான ஆளாச்சே. வாய் சும்மா கெடக்குமா? போயிச் சொன்னேன். "அண்ணாச்சி, அந்தக் கூட்டத்த நம்பாதீங்க. தோள்ல துண்டு போட்டவன் பூராவும் டூரிஸ்ட்டு." அண்ணாச்சி பக்கத்துல இருந்தவங்களப் பாத்துச் சிரிச்சாரு. பக்கத்துல இருந்தவங்க அண்ணாச்சியப் பாத்துச் சிரிச்சாங்க. அப்புறம் எல்லாருமா என்னப் பாத்துச் சிரிச்சாங்க. "அருவில குளிக்க ஊர்ல போயி வாளிய எவம்லே சீந்துவான்?"ன்னு ஒருத்தன். அண்ணாச்சி கையக் காட்டி அவன அமத்திட்டு, ரொம்பப் பாசமாச் சொன்னாரு: "வயிறு எரியுதுல்லா? போ, போயி ஒங்க சின்னத்துல தண்ணி புடிச்சு ஊத்து."

வாளி

அக்கா கடைக்குப் போனேன். வேட்பாளருன்னு பேரு, சீசன் நேரத்துல கடைய அடைக்க முடியுமா? நின்னுக்கிட்டே யாவாரம் பாத்துக்கிட்டு இருந்தா. காலைல எக்கச்சக்கக் கூட்டமாம், மஞ்சக் கரை போட்ட துண்டு ஒண்ணுகூட மிச்சம் இல்லையாம். ஆனா மூஞ்சி செத்துப் போயி இருந்துச்சு. தொங்கவிட்டிருந்த டவுசரு எல்லாத்தையும் எறக்கி மடிச்சு சாக்குக்குள்ள வைக்கா.

"என்னக்கா பண்ணுத?"

"காலி பண்ணச் சொல்லி அவிய வந்து நிக்கையில, அள்ளிக்கிட்டு ஓடவா சொல்லுத? இப்பவே மடிச்சு வச்சா மடிப்பாவது கலையாம இருக்கும்." அத்தான் அங்கன ஒரு ஆளு முதுகுல எண்ணெய்யப் போட்டுக் கும்மிக்கிட்டே, "அவகிட்ட நான் எவ்வளவோ சொல்லிட்டேன் மாப்ள"ங்காரு. அந்த வரிசைல இருக்க எண்ணெய்க்காரங்க ஒருத்தன்கூட இன்னும் ஓட்டுப் போடப் போகல. காலைல அத்தன பேருக்கும் கிராக்கி. அவங்க ஓட்டுத்தான் அக்காவுக்கு மொத்தப் பலமும். அவங்க இங்கன இருக்காங்க, அங்கன அலை வீசுது, அப்ப வீசுதது யாருன்னு அவ கணக்குப் போட்டுட்டா.

நான் தலைல அடிச்சுக்கிட்டேன். "அது பூராவும் வெளியூரு ஆளுங்கக்கா! நீ துண்டு வித்த ஆளுங்கதான் அங்கன போயி நிக்கான்! மஞ்சக் கரைய நான் கண்ணால பாத்தேன்." அக்கா போன எடுத்து என் வீடியோவத் திருப்பிப் போட்டா. சின்னத் திரைல எங்க மஞ்சக் கரை தெரியவா போகுது? அதுல நான் கையை ஆட்டி ஆட்டிப் பேசுதேன். அதையும் பாத்தா, என்னையும் பாத்தா. "ஏழு மணிக்குப் பேசுனவன் நல்லாப் பேசுனாம்லே. நான் அவனத்தான் நம்புதேன்."

விரல்

பதினோரு மணி வாக்குல அத்தான் மட்டும் பூத்துக்கு ஓடி வந்தாரு. கை முழங்கை வரைக்கும் மினுங்குது. நான் ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டு நிக்கேன். மை வைக்க உக்காந்திருந்தது செங்கோட்டைல இருந்து வந்த ஒரு டீச்சரு. வெரல நீட்டச் சொல்லி மை வச்சாங்க. மை நிக்கவே இல்ல. வழுக்கிக்கிட்டுப் போயி அத்தான் வேட்டில விழுந்துச்சு. வருசக் கணக்கா எண்ணெய்லயே ஊறுன வெரலு, அதுல என்னத்த ஒட்டும்? டீச்சர் துணியால தொடச்சாங்க. திருப்பி வச்சாங்க. திருப்பி வழுக்குச்சு. சாக்பீஸ் தூளப் போட்டுத் தேச்சாங்க. அது எண்ணெய்ல கொழைஞ்சு வெள்ளையாயிட்டு.

அண்ணாச்சியோட ஏஜென்ட் எந்திரிச்சிட்டான். "மை நிக்காதவன் இன்னொருக்க வருவான் மேடம்! விடாதீங்க!" அத்தானுக்குக் கோவம் வந்துட்டு. "ஒருக்க வாரதுக்கே ஒரு ஆளப் பாதி முதுகோட குப்புறப் போட்டுட்டு வந்திருக்கேன். இன்னொருக்க எதுக்குவே வாரேன், மிச்ச முதுகுக்கு யாரு பதில் சொல்லுதது?" இந்தப் பஞ்சாயத்துல வரிசை அப்படியே நின்னுட்டு. அந்த நேரம் பாத்து எடிட்டர் போன். ஒரு ஆளு வெரலால வரிசை நிக்குதுண்ணேன்னு சொன்னேன். அஞ்சு நிமிசத்துல சேனல்ல ஓடுது: "திடீர் மந்தம். வாக்காளர்கள் தயக்கமா?" தயக்கமும் இல்ல ஒண்ணும் இல்ல, நல்லெண்ணெய்.

கடைசில யாரோ சோப்புக் கொண்டாந்து, மூணு தடவ கழுவி, மை ஒரு மாதிரி ஒட்டுச்சு. டீச்சர் நெத்திய முழங்கையால தொடச்சுக்கிட்டு ஏஜென்டப் பாத்துக் கேட்டாங்க: "இந்த மாதிரி எண்ணெய்க்காரங்க இன்னும் எத்தன பேரு இருக்காங்கன்னு இப்பவே சொல்லிருங்க, நான் சீயக்காய் வாங்கியாரச் சொல்லுதேன்."

குழாய்

மத்தியானம் பொம்பளைங்க வரிசைல ஒரு ஈ காக்கா இல்ல. எங்க சேனல்ல ஒரு அரசியல் விமர்சகர் உண்டு. தென்காசில ஜெராக்ஸ் கடை வச்சிருக்காரு, தேர்தல் அன்னைக்கு மட்டும் கோட்டு போடுவாரு. அவரு பேசுதாரு: "பெண்கள் வெளியே வரவில்லை. இது ஒரு மௌனப் புரட்சி. இந்த மௌனத்துக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது." அந்த அர்த்தம் என்னன்னு கேட்டுக்கிட்டு வான்னு எடிட்டர் என்னத் தெருவுக்குள்ள வெரட்டி விட்டாரு.

தெருவுக்குள்ள போனா, மௌனமா? காது கிழியுது. குழாயடில அத்தன பேரும் கொடத்தோட நிக்காங்க. சுத்தி எங்க பாத்தாலும் அருவி விழுத ஊரு, எங்க தெருக் குழாய்ல நாலு நாளைக்கு ஒருக்கத்தான் தண்ணி. அன்னைக்குன்னு பாத்து மொறை வந்துட்டு, வந்ததும் நூலு மாதிரி ஒழுகுது. கோமதி சித்தி எங்க பக்கத்து வீடு. அவ மூஞ்சிக்கு நேரா மைக்க நீட்டி, "சித்தி, இன்னும் ஏன் ஓட்டுப் போட வரல? ஆத்திரமா, அதிருப்தியா?"ன்னு கேட்டேன். மைக்க ஒரு கையால ஒதுக்கிட்டு, இன்னொரு கையால முன்னால நிக்கவ கொடத்த நகட்டி விட்டுட்டுச் சொன்னா: "ஓட்டு சாயந்தரமும் இருக்கும்லே கோட்டிக்காரா, தண்ணி இருக்குமா?"

இத அப்படியே நேரலைல அனுப்புனேன். விமர்சகர் பாத்துட்டு, கோட்டு பட்டனப் போட்டுக்கிட்டு ஒரே வரில முடிச்சிட்டாரு: "நான் சொன்ன கோபம் இதுதான்."

தடை

மூணு மணிக்கு மேல மலை இருட்டிட்டு. சாரல் எங்களுக்குப் பழகிப் போனது, யாரும் கண்டுக்கல. ஆனா மேல காட்டுக்குள்ள ஊத்து ஊத்துன்னு ஊத்திருக்கு போல. ஐந்தருவி சத்தமே மாறிட்டு. தண்ணி செவப்பா, கம்போடயும் கல்லோடயும் எறங்குது. போலீசு விசில் அடிச்சு எல்லாரையும் வெளியேத்திட்டாங்க. குளிக்கத் தடை. எண்ணெய் தேச்சவன் தேச்சபடிக்கு, சோப்புப் போட்டவன் போட்டபடிக்கு லாட்ஜப் பாத்து ஓடுதான்.

அருவில குளிக்க விடலைன்னா எண்ணெய்க்காரங்களுக்கு அன்னைக்குச் சோலி முடிஞ்சுது. பெஞ்சு பூராவும் காலி. அத்தான் நடு ரோட்டுல நின்னு கையத் தட்டுனாரு. "சும்மா உக்காந்து கொசுவ அடிக்கதுக்கு ஓட்டாவது போடுவோம், வாங்கவே!" கெளம்பிட்டாங்க. கடைக்காரங்க, எண்ணெய்க்காரங்க, அந்த மொத்த வரிசையும் எந்திரிச்சு நடந்து வருது. எல்லாருக்கும் தோள்ல துண்டு, இடுப்புல டவுசரு, முழங்கை வரைக்கும் எண்ணெய். அந்தப் பக்கத்துத் தெருவுல இருந்து கோமதி சித்தி தலைமைல கொடத்த எறக்கி வச்ச கூட்டம். பள்ளிக்கூட கேட்டுல இருந்து ரோடு வரைக்கும் வரிசை. அந்த டீச்சர் சும்மா சொல்லல, நெசமாவே சீயக்காய் வாங்கி வச்சிருந்தாங்க. வாசல்ல ஏட்டையாதான் ஆளுக்கு ஒரு சிட்டிகை குடுக்காரு. அத்தன பேரும் சாரல்ல கைய நீட்டித் தேச்சுக் கழுவிக் கழுவி உள்ள போறாங்க. நான் பெறந்ததுல இருந்து அந்த மாதிரி ஒரு வரிசையப் பாத்ததில்ல. வீடியோ எடுத்து எடிட்டருக்கு அனுப்புனேன்.

"இதப் போட மாட்டேன்லே."

"ஏண்ணே?"

"தோள்ல துண்டு தெரியுது. டூரிஸ்ட்டு."

"அண்ணே, முன்னால நிக்கது எங்க அத்தான்ணே! பின்னால நிக்கவன் என்கூட அஞ்சாப்பு படிச்சவன்!"

"காலைலயும் இப்படித்தாம்லே கத்துன. ஒருக்க நம்பி ஏமாந்தாச்சு"ன்னு வச்சிட்டாரு. வச்சவரு திருப்பி எடுத்து, வேலாயுதம் அண்ணாச்சிட்ட போயி வெற்றிக் கருத்து வாங்கிட்டு வான்னாரு.

லாட்ஜுல கால் வைக்க எடமில்ல. குளிக்காமத் திரும்புன கூட்டம் பூராவும் எண்ணெய்யோட வராண்டால நின்னுக்கிட்டு வெந்நீர் கேட்டுக் கத்துது. ரூம் பையன்ல இருந்து சமையல்காரர் வரைக்கும், ஒருத்தர் விடாம ரெண்டு கைலயும் வாளியத் தூக்கிக்கிட்டு மாடிக்கும் கீழுக்கும் ஓடுதாங்க. "ஓட்டுக்கு நேரமாவுது அண்ணாச்சி"ன்னு ஒரு சமையல்காரர் இழுக்காரு. "மொதல்ல பதினாலாம் நம்பர் ரூமுக்குத் தண்ணி குடுவே"ங்காரு அண்ணாச்சி. நான் போன நீட்டி அந்த வரிசையக் காட்டுனேன். ரெண்டு செகண்டு பாத்தாரு. சிரிச்சாரு. "துண்டு போட்டவன் பூராவும் டூரிஸ்ட்டுன்னு நீதானலே காலைல சொன்ன?" நடுநிலைன்னா சில நேரம் வாய மூடிக்கிட்டு நிக்கதும் சேத்திதானேன்னு நின்னுட்டேன்.

எண்ணிக்கை

எண்ணுத அன்னைக்கு அக்கா கடைலயே இருந்துட்டா. போயிப் பாக்க தைரியம் இல்ல. சாக்குல மடிச்சு வச்ச டவுசரு அப்படியே இருந்துச்சு. நான்தான் ஓட்டு எண்ணுத எடத்துக்குப் போயி நின்னேன். ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி ஏறுது. கடைசில, ஒரு டெம்போ வேன்ல அடைச்சு ஏத்திரலாம், அவ்வளவு வித்தியாசத்துல அக்கா ஜெயிச்சிட்டா. லாட்ஜு சமையக்கட்டு ஆளுங்க மட்டும் வந்திருந்தாலே கவுந்திருக்கும். வெளில ஓடி வந்து அழுகையும் சிரிப்புமா எடிட்டருக்குச் சொல்லுதேன். அதுக்குள்ள சேனல்ல என்னோட ஏழு மணி வீடியோ திருப்பி ஓடுது, "நாங்கள் காலையிலேயே சொன்னோம்"னு. அண்ணே, அந்தக் கூட்டத்துல நின்னவன் ஒருத்தனுக்கும் இங்க ஓட்டே இல்லியேன்னு கேட்டேன். அவரு சொன்னாரு: "அலைன்னோம், யாருக்குன்னு சொன்னமா? சொல்லல. சொல்லாதது எப்படிலே தப்பாவும்?"

சாயந்தரம் அக்கா சாக்கப் பிரிச்சு ஒவ்வொரு டவுசராத் தொங்க விட்டுக்கிட்டு இருந்தா. அத்தான் பெஞ்சுல ஒரு ஆளு குப்புறக் கெடக்கான். வேலாயுதம் அண்ணாச்சி தனியா நடந்து வந்தாரு. வேட்டி கசங்கிருந்துச்சு. சண்டை போடத்தான் வந்திருக்காருன்னு நான் எந்திரிச்சிட்டேன். அவரு சண்டையும் போடல, பார்க்கிங்கப் பத்தியும் பேசல. மூணு நாளாத் தூங்காத மாதிரி என்னையே பாத்தாரு. "ஏலே, ஒண்ணே ஒண்ணு மட்டும் மறைக்காமச் சொல்லு. காலைல ஏழு மணிக்கு நின்னுச்சே ஒரு கூட்டம். அது யாருக்குலே போட்டுச்சு?"

நான் வாயத் தொறக்குததுக்குள்ள அக்கா புதுசா வந்த கட்டுல இருந்து மஞ்சக் கரை போட்ட துண்டு ஒண்ண உருவி, ஒதறி, அண்ணாச்சி கைல குடுத்தா. "அவங்க எனக்கும் போடல, ஒங்களுக்கும் போடல அண்ணாச்சி. இந்தத் துண்ட வாங்கித் தோள்ல போட்டாங்க, அவ்வளவுதான். மழை வலுக்கு, தலையத் தொடச்சுக்கிட்டுப் போங்க."

அன்னைல இருந்து, ஓட்டு அன்னைக்குக் காலைல ஒன்பது மணிக்கு எவனாவது வந்து யாரு ஜெயிப்பான்னு கேட்டா, நான் வரிசைய விட்டுட்டு மலையத்தான் அண்ணாந்து பாக்கேன்.